ராத்தாவின் பேரில் சவூதிக்குப் போகாதே

மகன், உனக்கு ஸலாம். எங்கள் சுகசெய்தியைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். படிப்பின் கடைசி வருஷத்தை விட்டுவிட்டு மொஸ்கோவிலிருந்து திரும்பி, சவூதிக்கு விசா எடுத்துப் போகப்போவதாக எழுதியிருந்தாய். ராத்தாவின் வீடு அரைச் சுவரோடு நிற்கும்போது, மனிதன் எப்படி ஓடுகிறான், எப்படிப் பாய்கிறான் என்று படித்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கடிதத்தை ராத்தா நஸீமாதான் வாசித்துக் காட்டினாள். வாசித்து முடிந்ததும் உன் உம்மா அடுப்படிக்குப் போனாள். நான் தபால் கந்தோருக்குப் போனேன். ‘போகாதே, கடிதம் வருகிறது’ என்று தந்தி அடித்தேன். அதற்கு மேல் அடித்தால் சொல்லுக்குச் சொல் காசு கேட்கிறார்கள். தந்திக்குப் பிறகு கடிதம் வரச் சுணங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இப்போதே சொன்னால் நீ மீதியை வாசிக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ ஓட்டம் முடிகிற கயிற்றை மட்டும் பார்க்கிறவன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் நஸீமாதான். நான் கதைக்கிற மாதிரியே எழுத வேண்டாம், கடல் தாண்டிப் போகிற கடிதம், படித்தவர்கள் எழுதுகிற தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். தன்னைப் பற்றிய கதை வருகிற இடத்தில் பேனையை வைத்துவிடுகிறாள். “ஒன்ட தம்பிக்குத்தானே புள்ள, எழுது” என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அறையில் இருக்கிற காலி ஊர்ப் பக்கத்து முஸ்லிம் பையனுக்கும் யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் இதை வாசித்துக் காட்டலாம். மறைக்க ஒன்றும் இல்லை. கல்முனைக் கடைத்தெருவுக்கே தெரிந்த கதை.

அந்தக் காலிப் பையன் இடையில் நிறுத்தி, ராத்தாவின் வீட்டை நீ ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பான். அவனுக்கு இப்படிச் சொல். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறான். ஆகவே பெண் பிள்ளை பிறந்தால் அவள் பேருக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் கூடப் பிறந்தவன் எழுப்ப வேண்டும். ஆண் பிள்ளைக்கு உம்மாவின் வளவு நிலத்தில் ஒன்றும் கிடையாது. அவன் போய் இருக்கப்போகிற வீடு எங்கேயோ இன்னொரு வளவில், இன்னொருத்தியின் பேரில் எழும்பிக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காக உழைத்தேன். சூறாவளி வந்த வருஷம் ஓடெல்லாம் கடலுக்கும் வயலுக்கும் பறந்துபோக, கூரையை மறுபடி போட்டதும் நான்தான். விழுந்த தென்னைகளை அறுத்து எடுத்த மரத்தில் மிச்சம் இருந்ததை விற்ற காசில்தான் பின்வளவில் நஸீமாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு என் இடுப்பு விட்டுவிட்டது. அரிசி ஸ்டோர் முதலாளி என்னை மூட்டை தூக்கும் நாட்டாமை வேலையிலிருந்து எடுத்து, கோணி ஊசியைக் கையில் தந்து, மூட்டையின் வாய் தைக்க உட்கார வைத்தார். இருந்து செய்கிற வேலைக்கு இருக்கிறவனின் கூலிதான். சுவர் அதோடு நின்றது.

உனக்கு இரண்டு வழியும் ஒரே மாதத்தில் வந்தது உனக்கே தெரியும். சவூதியில் இருக்கிற மாமா ஒரு கட்டடக் கொம்பனியில் உனக்கு விசா எடுத்து வைத்திருந்தார். உன் விளையாட்டு மாஸ்டர், அந்த மெதடிஸ்த வேதக்காரர், ரஷ்யாவுக்குப் போகப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது என்று சைக்கிளில் வந்து சொன்னார். நான் ரஷ்யாவுக்குப் போ என்றேன். அதைக் கேட்டு நீ என் கையைப் பிடித்து அழுதாய். ஊரும் என்னைப் பற்றி நல்லதாகக் கதைத்தது. நாட்டாமைக்கு எவ்வளவு பெரிய மனம் என்றார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிளேனில் ஏறிய ஆள் எவனாக இருந்தாலும் அவன் வீட்டுக்குக் காசு டிராப்ட் வந்தது. குவைத்துக்குப் போனவன் வீட்டுக்கும் வந்தது, சவூதிக்குப் போனவன் வீட்டுக்கும் வந்தது. ரஷ்யாவும் பிளேனில் போகிற இடம்தான். அதோடு சம்பளம் மாதிரி மாதா மாதம் தருவார்கள் என்று மாஸ்டரும் சொன்னார். அது உன் பாணுக்கும் சோப்புக்குமே காணாது என்பதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த முதல் வருஷம் தபால்காரர் மணியடிக்கிற நேரமெல்லாம் நான் கேற்றுக்குப் போய் நின்றேன். பனிக்குள் தொப்பியோடு நிற்கிற உன் படம்தான் வந்தது. உம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். நான் மேசனைக் கூப்பிட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்றேன்.

ஸ்டோரில் இருந்தவர்கள் என்னை விட்டு வைத்தார்களா?

“காக்கா, ஒங்கட மகன் ரஷ்யாவில என்ன படிக்கிறான்?”

“மனிசன் ஓடுற விதம்.”

“அதுக்கு ஏன் காக்கா ரஷ்யா? நம்மட சந்தைக்குள்ள நாய அவிட்டு விட்டா எல்லாரும் நல்லா ஓடுவானுகளே.”

“சும்மா இரிங்கடா. ஓடுறதுக்கு மட்டும் இல்ல, கந்தோரில இருந்து விளையாட்ட நடத்துறதுக்கும் படிக்கிறான்.”

“கதிரையில இருந்துக்கிட்டு விளையாடுற விளையாட்டா? நம்மட முதலாளி அதத்தானே செய்யிறாரு!”

முதலாளியும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? நீ எழுதியிருந்த படிப்பின் பேரை நஸீமா வாசித்துக் காட்டினாள். மனித உடல் அசைவு பற்றிய விஞ்ஞானம், விளையாட்டு நிர்வாகம் என்று. அதை நான் நடந்து ஸ்டோருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியில் மறந்துவிடுவேன்.

பிறகு நீ விடுமுறையில் வந்தாய். பிளேனில் வந்தவன் கெசட் ரேடியோ கொண்டுவருவான் என்று பக்கத்து வளவுக்காரர்கள் வேலியோடு நின்று பார்த்தார்கள். நீ பெட்டியைத் திறந்து ஒரு அளவு நாடாவையும், நேரம் பிடிக்கிற ஒரு கைக்கடிகாரத்தையும், சுருட்டிய ஒரு பெரிய படத்தையும் எடுத்தாய். அந்தப் படத்தில் தோல் உரித்த மனிதன் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நின்றான். அதைச் சுவரில் மாட்டினாய். உன் உம்மா பார்த்துவிட்டு, “இதக் கழட்டு மகன். தோல் இல்லாதவன் பாத்துக்கிட்டு நிக்க எப்பிடிச் சோறு இறங்கும்?” என்றாள். நீ மாட்டேன் என்றாய். அவள் போய்த் தன் பழைய சேலையொன்றைக் கொண்டுவந்து, படத்துக்கு மேல் தலையிலிருந்து கால் வரை போர்த்தினாள். “இப்ப ஒழுங்கா நிக்கட்டும்” என்றாள். நீ பார்க்க வேண்டிய நேரம் சேலையைத் தூக்குவாய், பார்த்து முடிந்ததும் விடுவாய். அந்த வீட்டில் அந்த ஆள் மட்டும்தான் பர்தாவில் இருந்தான்.

ரபீக்கின் கால் கதை அந்த விடுமுறையில் தொடங்கியது. உனக்குத் தெரிந்த பாதியை நான் திருப்பிச் சொல்லவில்லை. உன் கூட்டாளிகளுக்காகக் கொஞ்சம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மைமூன் என்கிற கைம்பெண்ணின் மூத்த மகன் ரபீக். வாப்பா விட்டுப்போன காணியை நாவிதன்வெளியில் செய்கிறவன், பின்னேரத்தில் கடற்கரை மைதானத்தில் பந்தடிக்கிறவன். ஒரு போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் சிக்கி, முழங்கால் முறுகி விழுந்தான். பரிசாரியார் வந்து எண்ணெய் பூசி, இலை வைத்து, மூங்கில் சிலாகை வைத்துக் கட்டினார். அசைக்க வேண்டாம் என்றார். மைமூன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மகன் பாயில் கிடந்தான். நோவு போயிற்று, ஆனால் கட்டை அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நீ போய்ப் பார்க்கும்போது அந்தக் கால் உலக்கை மாதிரி மெலிந்து கிடந்ததாம். கட்டை அவிழ்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தனியாகப் போனால் மைமூன் அடிப்பாள் என்று பயம்.

நீ கட்டை அவிழ்த்ததும் மைமூன் தொடங்கினாள். “டேய், அவிக்காத! நீ என்ன டாக்குத்தரா?”

“இல்ல மாமி.”

“மறுகா பரிசாரியா?”

“அதும் இல்ல.”

“அப்ப நீ ஆரு?”

“விளையாட்டுப் படிக்கிறன் மாமி.”

“அல்லாஹ்வே! விளையாடித்தான் என்ட புள்ளட கால் போனது. மறுகாவும் விளையாட்டா? காக்கா, ஒங்கட மகனக் கூட்டிக்கிட்டுப் போங்க!”

ரபீக் பாயில் படுத்தபடியே, “உம்மா, இதுக்கு மேல போறத்துக்கு அந்தக் கால்ல என்ன கெடக்கு? அவிக்கட்டும்” என்றான். உப்புப் பையில் மணலை நிரப்பி அவன் கணுக்காலில் கட்டினாய். கதிரையில் இருத்தி, காலை நீட்டு, மடக்கு, நீட்டு என்றாய். அவன் வியர்த்துப் போனான். வாசலில் கூடின சனம், மாப்பிள்ளை கதிரையில் இருந்து ஊஞ்சலாடுகிறார் என்று சிரித்தது. நானும் அவர்களோடு நின்றுதான் பார்த்தேன். எனக்கும் அதில் நம்பிக்கை இருக்கவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்ன மைமூனின் பக்கம்தான் சரி என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

விடுமுறை முடிந்து நீ போகிறபோது அந்த வேலையை என் தலையில் போட்டாய். ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் ரபீக்கின் தொடையை அளந்து எழுதி அனுப்பச் சொன்னாய். நாடாவில் இருக்கிற இலக்கம் எனக்கு எங்கே தெரியும்? அதைச் சொல்ல வெட்கப்பட்டு நாடாவை வாங்கிக்கொண்டேன். நஸீமா விளங்கிக்கொண்டு, கோணி தைக்கிற நூலில் ஒரு துண்டை வெட்டித் தந்தாள். நான் அதைத் தொடையைச் சுற்றிப் பிடித்து, முட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவேன். அவள் வீட்டில் வைத்து நாடாவில் பார்த்து உனக்கு எழுதுவாள். அந்த முடிச்சுகளிலிருந்து வந்த இலக்கங்களைத்தான் நீ அங்கே உன் பேராசிரியருக்குக் காட்டினதாக எழுதினாய். முதல் சில கிழமை முடிச்சின் மேல் முடிச்சாகவே விழுந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புது முடிச்சு பழையதைத் தாண்டி விழுந்தது. நான் நூலை ரபீக்கிடம் காட்டினேன். அவன் அதை வாங்கி உம்மாவிடம் காட்டினான். மைமூன் அடுப்படிக்குப் போனாள். எனக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடத் தந்ததில்லை.

பெரும்போக விதைப்புக்கு ரபீக் வரம்பில் நடந்தான். அதை ஸ்டோரில் சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறிக்காரன்தான் வந்து சொன்னான். கால் எதில் சிக்கியது என்ற கதையும் அன்றைக்குத்தான் அங்கே வந்தது. மைதானத்தில் மாடு கட்டுகிற முளையொன்றை எவனோ அடித்துவிட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். முளை புல்லுக்குள் நின்றிருக்கிறது. ‘அது காலின் பிழையல்ல, மைதானத்தைப் பார்க்க ஆள் இல்லாத பிழை’ என்று நீ சொல்லிவிட்டுப் போனதை அவர்களிடம் சொன்னேன். ஒரு போட்டிக்கு முன்னால் யார் மைதானத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது, யார் மாட்டுக்காரனோடு கதைப்பது, விழுந்தவனை யார் எங்கே கொண்டுபோவது, இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது, அதைத்தான் மகன் படிக்கிறான் என்றேன். ஒருவன், “அப்ப அது முதலாளி வேல இல்ல காக்கா, வட்டவிதானை வேல” என்றான். வயலில் வாய்க்காலையும் வேலியையும் மாட்டையும் பார்க்கிற வட்டவிதானை மாதிரி, மைதானத்துக்கு ஒருவன். அதற்குப் பிறகு உன் படிப்பைப் பற்றி ஸ்டோரில் யாரும் கேட்கவில்லை. விளங்கிவிட்டது.

இனி வருகிற இடத்தில்தான் நஸீமா பேனையை வைத்தாள். ஒரு நாள் மைமூன் சுளகு இரவல் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டில் மூன்று சுளகு கிடக்கிறது. மாப்பிள்ளை பக்கம் வாய் திறந்து கேட்பதில்லை, பெண் பக்கம்தான் கேட்டுப் போக வேண்டும் என்பதால் அவளுக்குச் சுளகு தேவைப்பட்டது. சுளகைக் கையில் வைத்துக்கொண்டு, என்ட மூத்தவனுக்கும் வயசு போகுது, நல்ல எடமா இரிந்தா சொல்லுங்க என்றாள். உன் உம்மா விளங்கிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு வீடு பார்க்க வந்தார்கள். மைமூன் பின்வளவுக்குப் போய் ஜன்னல் மட்டத்துச் சுவரைச் சுற்றி நடந்தாள். உள்ளே ஆடு படுத்திருந்தது. “காக்கா, கோவிக்காதீங்க. என்ட மகன இதுக்குள்ள எந்தப் பக்கம் படுக்க வைக்கிற? ஆட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. கூரை ஏறினதும் கதைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா அதை மாமாவுக்கு ஒரு கெசட்டில் பேசிப் பதிந்து அனுப்ப, அது சவூதிக்குப் போய், மாமா உனக்கு எழுதி, நீ எங்களுக்கு எழுதினாய்.

உன் கடிதம் வந்து தந்தி அடித்த அன்றைக்கே, தபால் கந்தோரிலிருந்து நேரே மைமூன் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. “மைமூன், பின்வளவு வீடு கெடக்கட்டும். நாங்க இரிக்கிற வீட்ட என்ட மகளுக்குக் குடுக்கிறன். நாங்க ரெண்டு பேரும் வெளிக்கிட்டு எங்கயும் ஒதுங்குவம்” என்றேன். பெரிய வார்த்தை சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மைமூன் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள்.

“காக்கா, ஆர்ர வீட்ட ஆரு குடுக்கிற? அது ஒங்கட பொண்டாட்டிட சீதன வீடு. நீங்களும் என்ட மகன் மாதிரி வந்து ஏறின மாப்பிள்ளதானே!”

ரபீக்கும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூரை போட்டவன் நான், ஓடு அடுக்கியவன் நான். அவ்வளவு வருஷத்தில் அந்த வீடு என் பேரில் இல்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் கதை வந்து சேர்ந்திருந்தது. உன் உம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒருத்தர் எனக்கிட்டக் கேக்காம என்ட வீட்டக் குடுக்கிறாரு. இன்னொருத்தன் எனக்கிட்டக் கேக்காம படிப்ப விட்டுட்டு வீடு கட்டப் போறான். இந்த வீட்டுல நான் ஒருத்தி இரிக்கிறனா இல்லையா?”

அப்போதுதான் நஸீமா எழும்பி வந்தாள். அவள் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. “உம்மா, ஒங்களுக்கிட்டக் கேக்கல்ல, சரி. எனக்கிட்ட ஆர் கேட்ட? தம்பிய சவூதிக்குப் போ எண்டு நான் சொன்னனா? வீட்டத் தாங்க எண்டு கேட்டனா? ரபீக்கப் புடிச்சிரிக்கா எண்டுகூட இந்த ஊருல ஒருத்தரும் எனக்கிட்டக் கேக்கல்ல” என்றாள்.

உம்மா திரும்பிப் பார்த்தாள். “புடிச்சிரிக்கா?”

நஸீமா, “அதுக்கு ஓம்” என்றாள். “மத்ததுக்கெல்லாம் எனக்கிட்டக் கேக்காமச் செய்யாதீங்க.”

இந்த இடத்தை எழுத மாட்டேன் என்றாள். எழுதாவிட்டால் தபால் கந்தோருக்குப் போய் அங்கே இருக்கிறவரைக் கொண்டு எழுதுவிப்பேன் என்று சொன்ன பிறகுதான் எழுதியிருக்கிறாள்.

அடுத்த நாள் உன் உம்மா பெருநாளுக்கு உடுக்கிற சேலையை உடுத்திக்கொண்டு மைமூன் வீட்டுக்குத் தனியாகப் போனாள். நான் வருகிறேன் என்றேன். “என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. நான் என்ட மகளுக்குக் குடுக்கிறன். இதுக்குள்ள ஆம்பிளயளுக்கு என்ன கத?” என்றாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, பின்வளவுச் சுவரிலிருந்து ஆட்டை அவிழ்க்கச் சொன்னாள். ஜன்னல் மட்டத்துக்கு மேலே கம்பு நட்டு, பலகையும் தகரமும் அடைத்து, மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தோம். நானும் அவளும் இப்போது அதற்குள்தான் இருக்கிறோம். கடல் காற்று நன்றாக வருகிறது. மழைக்கு எப்படி என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

நிக்காஹ் போன கிழமை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கடிதம் சுணங்கியது இதற்காகத்தான். உன்னைக் கூப்பிடவில்லை என்று கோபிப்பாய். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய், வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டாய். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் உன்னைக் கேட்காமல் செய்தது இது ஒன்று. இதை நஸீமாவும் உம்மாவும் நானும் மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபோது காலைக் கழுவிக் கூட்டிவரப் பெண்ணின் தம்பி இல்லை. சாச்சாவின் மகன் செம்போடு நின்றான். அவன் தண்ணீரைத் தாராளமாக ஊற்ற, ரபீக் குனிந்து, “இடது கால்ல மெதுவா ஊத்துடா தம்பி, அது மொஸ்கோக்காரன்ட சாமான்” என்றான். பள்ளிவாசல் மரைக்கார் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கால் கழுவுகிற மச்சானுக்கு மாப்பிள்ளை பக்கம் போடுகிற மோதிரத்தை உனக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். செம்பு பிடித்தவனுக்கு ஒரு பேனை கொடுத்தார்கள். அவன் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். என் பேரில் இல்லாத வீட்டை என் பேரில் கொடுக்கப் போய் அந்த வெட்கத்தைப் பட்டேன். நீ உன் படிப்பை ராத்தாவின் பேரில் விடப் பார்க்கிறாய். அவள் அதைக் கேட்கவில்லை, தேவையாக இருந்தால் அவளே கேட்டிருப்பாள்; வாய் இருக்கிறது என்பதை இப்போது பார்த்துவிட்டோம். படிப்பு கஷ்டமாக இருந்தால், அந்தக் குளிர் ஒத்துவராவிட்டால், அந்தப் பாஷையில் சோதனை எழுதப் பயமாக இருந்தால் அதை அப்படியே சொல்லிவிட்டு வா. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சவூதிக்குப் போக உனக்கே ஆசை இருந்தாலும் போகலாம். மாமாவிடம் இன்னும் விசா இருக்கிறதாம். ஆனால் உன் பேரில் போ. ராத்தாவின் வீட்டுக்காகப் போகிறேன் என்று அந்தக் காலிப் பையனிடம்கூடச் சொல்லாதே.

சுகசெய்தி கேட்டாயே. உம்மா சுகம். கிடுகு வீட்டுக்கு வந்த பிறகு மகளின் வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று வேலிக்கு மேலால் பார்ப்பது அவளுக்குப் புது வேலை. என் இடுப்பு முன்னைப்போலத்தான். நீ சொல்லித்தந்த மாதிரி சுவரில் சாய்ந்து நின்று பார்க்கிறேன். சில நாள் சுகமாக இருக்கிறது, சில நாள் இல்லை. நஸீமாவைப் பற்றி அவளே தனிக் கடதாசியில் எழுதுவாள், நான் கேட்கவில்லை. ரபீக் இன்றைக்கு வயலுக்குப் போகவில்லை. விடியற்காற்றில் எங்கள் கொட்டிலின் ஒரு பக்கக் கிடுகு பிரிந்துவிட்டது. அதைக் கட்ட ஏணி வைத்து மேலே ஏறி நிற்கிறான். கீழே மணல், ஏணி ஆடுகிறது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டாம் தரமும் கூப்பிடுகிறான். நான் போகிறேன்.